ஸ்டீரியோவுக்குப் புதிய கேபிள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வைத்துப் பாட்டுக் கேட்பவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கேபிள் மீது சந்தேகம் வந்துவிடுகிறது. கருவிகளோடு இலவசமாக வந்த மெல்லிய ஒயரைப் பார்க்கும்போதே குறை அதில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். கடைக்குப் போனாலோ, விரல் தடிமனில் வலைப்பின்னல் உறை போர்த்திய கேபிள் ஒன்றை எடுத்துக் காட்டி, மொத்தச் செலவில் பத்து விழுக்காட்டைக் கேபிளுக்கு ஒதுக்குவதே முறை என்பார்கள். அந்தப் பத்து விழுக்காட்டுக் கணக்குக்கு மின்னியலில் எந்த அடிப்படையும் இல்லை. ஒரு கேபிள் போதுமானதா என்பதை அதன் நீளமும், தடிமனும், அது இணைக்கும் கருவிகளின் இம்பீடன்ஸும், அதாவது ஒலிச் சமிக்ஞைக்கு அவை காட்டும் எதிர்ப்பும்தான் முடிவு செய்கின்றன. ஆம்ப்ளிஃபயரின் விலைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

கேபிளை மாற்றினால் ஒலி மாறுமா என்று கேட்டால், சில இடங்களில் மாறும், பெரும்பாலான இடங்களில் மாறாது என்பதே நேர்மையான பதில். எந்த இடத்தில் மாறும் என்பதை ஒரு மல்டிமீட்டரும், ஒயர் ஸ்ட்ரிப்பரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் இருந்தால் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். நான் பார்த்த வரையில் பழுது கேபிளின் நடுவில் இருப்பது அரிது. இரு முனைகளில்தான் இருக்கிறது. ஆகவே வேலையை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முனைகளைப் பார்ப்பது

ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அதன் பின்புறத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்பீக்கர் ஒயர் மாட்டியிருக்கும் இடத்தில் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும். முதலாவது, ஒயரின் மெல்லிய இழைகளில் ஒன்றிரண்டு டெர்மினலுக்குள் நுழையாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்பது. சிவப்பு முனையிலிருந்து நீண்ட ஒரே ஓர் இழை கறுப்பு முனையைத் தொட்டுவிட்டால் போதும், ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடக்கூடும். இரண்டாவது, திருகு தளர்ந்திருக்கிறதா என்பது. ஒயரை மெதுவாக இழுத்தால் அசையவே கூடாது. மூன்றாவது, செம்பின் நிறம். புதிதாக உரித்த செம்பு இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். சில மாதங்களில் பழுப்பாகி மங்கும். கடற்காற்று படும் ஊர்களில், சென்னையானாலும் தூத்துக்குடியானாலும், அதன்மேல் பச்சைக் களிம்பும் ஏறும். பழைய ஒளிபுகும் ஒயர்களில் இந்தப் பச்சை, உறைக்கு உள்ளேயே பல அங்குலம் ஓடியிருப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம்.

மங்கிய முனையைத் துடைத்துப் பயனில்லை. இரண்டு சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உறையை உரித்து, இழைகளை ஒரே திசையில் இறுக்கி முறுக்கி, உரித்த பகுதி முழுவதும் டெர்மினலுக்குள் செல்லுமாறு செருகித் திருக வேண்டும். வெட்டிய இடத்திலும் பச்சை தெரிந்தால், பளபளப்பான செம்பு தென்படும் வரை வெட்டிக்கொண்டே போகலாம். அது வரவே இல்லை என்றால் அந்த ஒயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள், புதிய ஒயர் வாங்குவதற்கு அது நியாயமான காரணம். முறுக்கிய இழைகளின்மேல் ஈயம் பூசித் திருகுக்கு அடியில் வைப்பது நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகளிடம் இன்றும் காணப்படும் பழக்கம். பார்க்க நேர்த்தியாக இருந்தாலும், அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி இடம்கொடுப்பதால் சில மாதங்களில் திருகு தளர்ந்துவிடும். அடிக்கடி கழற்றி மாட்டுபவராக இருந்தால் ஒயரின் முனையில் பொருத்தும் பனானா பிளக் என்ற செருகுமுனையைப் போட்டுக்கொள்ளலாம். அது ஒலிக்காக அல்ல, வசதிக்காகவும், அந்தத் தனித்த இழை வெளியே நீளாமல் இருப்பதற்காகவும்.

பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் பின்களுக்கு இன்னும் எளிய வைத்தியம் உண்டு. ஒவ்வொன்றையும் பாதி வெளியே இழுத்து, இடமும் வலமுமாக நாலைந்து முறை திருகி, மீண்டும் அழுத்திச் செருகினால் உலோகங்களுக்கு இடையே படிந்த மெல்லிய படலம் உரசலில் நீங்கிவிடும். மிகவும் கறுத்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். பின்னைச் சுற்றியுள்ள வெளிவளையம் தளர்ந்திருந்தால் அதுவே ரீங்காரத்துக்கும், ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்பதற்கும் போதுமான காரணம்.

புதிய கேபிள் போட்டவுடன் ஒலி தெளிவானது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. பல ஆண்டுகளாகத் தொடாத இணைப்பைக் கழற்றிப் புதிதாக இறுக்கியிருக்கிறார்கள். ஸ்பீக்கரை நகர்த்தி மீண்டும் வைத்தபோது இடம் ஓரிரு அங்குலம் மாறியிருக்கிறது. சில வீடுகளில் தலைகீழாக இருந்த இணைப்பு அப்போது நேராகியிருக்கிறது. இவற்றின் பலன் முழுவதும் புதிய கேபிளின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. அதனால் புதியதை வாங்குவதற்கு முன், பழைய கேபிளையே கழற்றி, முனைகளைச் சீர்செய்து, திரும்ப மாட்டிச் சில நாட்கள் கேட்டுப் பாருங்கள்.

தலைகீழ் இணைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கேபிள் சார்ந்த குறைகளில் காதுக்கு மிகத் தெளிவாகக் கேட்பது அதுதான். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் சென்று, மற்றதில் மட்டும் மாறியிருந்தால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போகும். நடுவில் நின்று பாட வேண்டிய குரல் இடமற்று அறை முழுவதும் பரவிக் கேட்கும். சோதிப்பது எளிது: ஆம்ப்ளிஃபயரை மோனோவில் வைத்து, அல்லது ஒரு பழைய மோனோ பாடலைப் போட்டு, இரு ஸ்பீக்கர்களையும் நேருக்கு நேர் ஒரு சாண் இடைவெளியில் வைத்துக் கேளுங்கள். பின்னர் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒரு ஸ்பீக்கரின் இரு ஒயர்களையும் இடம் மாற்றி மீண்டும் கேளுங்கள். எந்த நிலையில் தாழ்ந்த ஒலி நிறைவாக இருக்கிறதோ அதுவே சரியானது. ஒயரில் நிறக்குறி இல்லையென்றால், உறையின் ஒரு பக்கத்தில் ஓடும் மெல்லிய வரம்பையோ, அச்சிட்ட எழுத்துகளையோ அடையாளமாகக் கொள்ளலாம்.

ஸ்பீக்கர் ஒயரின் தடிமன்

ஸ்பீக்கர் ஒயரில் கவனிக்க வேண்டிய முதல் பண்பு மின்தடை. நீளம் கூடினால் அது கூடும், தடிமன் கூடினால் குறையும். பல இழைகள் கொண்ட நெகிழும் செப்பு ஒயருக்குச் சர்வதேசத் தரநிலை அனுமதிக்கும் உச்ச மின்தடை, 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் மீட்டருக்கு 39 மில்லிஓம், 0.75-இல் 26, 1.5-இல் 13.3, 2.5-இல் ஏறத்தாழ 8, 4-இல் ஏறத்தாழ 5. மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஸ்பீக்கருக்கு உள்ள தூரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தால் மொத்தம் 0.39 ஓம், அதே தூரத்துக்கு 2.5 போட்டால் 0.08 ஓம்.

இந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? ஒயரின் மொத்த மின்தடை ஸ்பீக்கரின் இம்பீடன்ஸில் ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் அளவுகோல். பெட்டியின் பின்னால் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் அது பெயரளவுக்கான எண். சில அதிர்வெண்களில் 20 ஓமுக்கு மேல் ஏறி, வேறு சிலவற்றில் 4 ஓம் வரை இறங்கும் பெட்டிகள் உண்டு. ஆகவே பாதுகாப்பாக 4 ஓம் என்றே வைத்துக்கொண்டால் எல்லை 0.2 ஓம். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 0.13 ஓமில் எல்லைக்குள் நிற்கிறது, 0.75 தாண்டிவிடுகிறது. பத்து மீட்டர் தூரமானால் 2.5 வேண்டும். பெரும்பாலான வரவேற்பறைகளில் ஸ்பீக்கர் மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள்தான் இருக்கும் என்பதால், 2.5 சதுர மில்லிமீட்டர் வாங்கிவிட்டால் கணக்கே தேவையில்லை.

மெல்லிய ஒயர் செய்யும் தீங்கு ஒலியின் அளவைக் குறைப்பது மட்டுமல்ல. அது மட்டும் என்றால் வால்யூமைச் சற்றுத் திருப்பிவிடலாம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறுவதால், ஒயரில் ஏற்படும் இழப்பும் சீராக இருப்பதில்லை. முன்சொன்ன 0.39 ஓம் ஒயரில், இம்பீடன்ஸ் 4 ஓமாக உள்ள இடத்தில் ஒலியின் அளவு 0.8 டெசிபல் குறையும். 20 ஓமாக உள்ள இடத்தில் 0.17 டெசிபல்தான் குறையும். இடையிலுள்ள 0.6 டெசிபல் வேறுபாடு, கூர்ந்து கேட்பவருக்குச் சில பாடல்களில் புலப்படக்கூடியது. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இதே வேறுபாடு 0.14 டெசிபலாகச் சுருங்கிவிடுகிறது. அதற்கு மேல் எத்தனை மடங்கு விலை கொடுத்தாலும் திருத்துவதற்கு மிச்சம் இருப்பது இந்தச் சிறு பின்னம் மட்டுமே. டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் கொண்ட ஓர் அறை, தாழ்ந்த அதிர்வெண்களில் பத்து டெசிபல் அளவுக்கு ஏற்ற இறக்கத்தைத் தானே உண்டாக்கிவிடும் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடி முன்னே இழுத்து வைப்பதால் வரும் மாற்றத்தை எந்த ஒயரும் தராது. தரையில் ஜமுக்காளம் விரிப்பது பற்றியும் கேட்பார்கள். அது மெல்லியது என்பதால் உயர்ந்த அதிர்வெண்களின் எதிரொலியை மட்டுமே தணிக்கும், ஆனாலும் செலவில்லாத முயற்சி.

வாங்கும்போது தடிமனைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, உள்ளே இருப்பது செம்புதானா என்பது. மலிவான ஸ்பீக்கர் ஒயர்கள் பலவற்றில் அலுமினியத்தின்மேல் செம்பை முலாமாகப் பூசியிருப்பார்கள். சிசிஏ என்ற எழுத்துகளாக உறையில் அது குறிக்கப்பட்டிருக்கலாம், குறிக்கப்படாமலும் இருக்கலாம். அதே தடிமனுள்ள செம்பைவிட அதன் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். சென்னை ரிட்சி தெரு போன்ற சந்தையில் நின்று வாங்குபவர் செய்ய வேண்டியது இது: முனையை உரித்து, ஓர் இழையைப் பிரித்து, பேனாக்கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் சுரண்டிய இடத்தில் வெள்ளி நிறமும் தெரிந்தால் அது அலுமினியம். சுருளைக் கையில் தூக்கினாலே தெரிந்துவிடும். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்பதால் எடை ஏமாற்றாது. வெள்ளீயம் பூசிய நல்ல செப்பு ஒயரும் வெளியே வெள்ளையாகவே இருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்புத் தெரியும். வீட்டு வயரிங்குக்கு விற்கப்படும், தரமுத்திரை பெற்ற இரண்டு கோர் நெகிழ் ஒயர் இந்த வேலைக்கு முழுத் தகுதி உடையது. ஸ்பீக்கர் ஒயர் என்ற பெயரில் வருவதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்ற விளம்பரத்தைப் பற்றி: சாதாரண மின்கம்பிச் செம்பே 99.9 விழுக்காடு தூயது. ஆக்சிஜன் நீக்கியது அதைவிட ஒரு விழுக்காடு அளவுக்கு நன்றாக மின்கடத்தும். வெள்ளிக் கம்பி செம்பைவிட ஆறு விழுக்காடு மேல். அந்த ஆறு விழுக்காட்டைப் பெறச் செம்பையே ஆறு விழுக்காடு தடிமனாக வாங்கினால் போதும். தங்கமோ செம்பைவிடக் குறைவாகவே கடத்தும். அது துருப்பிடிக்காது என்பதற்காக மட்டுமே பின்களின்மேல் பூசப்படுகிறது, நம் தட்பவெப்பத்தில் அது நியாயமான காரணம்தான். தடித்த ஒயர் ஆம்ப்ளிஃபயரின் டாம்பிங் ஃபேக்டரை, அதாவது ஸ்பீக்கர் கூம்பின் அசைவை அடக்கும் திறனைக் காப்பாற்றி பேஸ் ஒலியை இறுக்கமாக்கும் என்பதும் அரை உண்மை. 8 ஓம் ஸ்பீக்கருக்குள் இருக்கும், கூம்பை அசைக்கும் சுருளான வாய்ஸ் காயிலின் மின்தடையே ஏறக்குறைய 6 ஓம். கூம்பை அடக்கும் மின்சுற்றில் அந்த 6 ஓமும் தொடரிணைப்பில் உட்கார்ந்திருக்கும்போது, ஒயரின் 0.1 ஓமை 0.05 ஆக்குவதால் நிகழப்போவது ஒன்றுமில்லை.

ஆர்சிஏ கேபிளும் ரெக்கார்டு பிளேயரும்

சிடி பிளேயர், டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி), ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டை எடுக்கும் கருவி) போன்றவற்றிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் ஆர்சிஏ கேபிளில் மின்னோட்டம் மிகக் குறைவு. ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு பல பத்தாயிரம் ஓம் என்பதால் கேபிளின் மின்தடை கணக்கிலேயே வராது. இங்கே பார்க்க வேண்டியது மின்தேக்குத்திறன், அதாவது கேபிள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு. அதன் அலகு பிக்கோஃபாரட். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் கொண்ட சாதாரணக் கேபிளும், 500 ஓம் வெளியீட்டு மின்தடை கொண்ட பிளேயரும் சேர்ந்தால், உயர்ந்த ஒலிகள் மங்கத் தொடங்கும் இடம் 3 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும். நம் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸைப் போல அது 150 மடங்குக்கும் மேல். ஆகவே ஒரு மீட்டர் கேபிளுக்கு விலை கூட்டிக் கொடுப்பதில் பொருளில்லை. பின் இறுக்கமாகப் பிடிக்கிறதா, வெளிக்கவச வலை அடர்த்தியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். விதிவிலக்கு, மின்சாரமே இல்லாத பாஸிவ் வால்யூம் பெட்டி வைத்திருப்பவர்கள். 50 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றின் வெளியீட்டு மின்தடை நடுநிலையில் 12.5 கிலோஓம் வரை போகும். அதற்குப் பின்னால் ஐந்து மீட்டர் கேபிள் போட்டால் 20 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபல் குறைந்துவிடும். அங்கே தேவை விலையுயர்ந்த கேபிள் அல்ல, குட்டையான கேபிள்.

கேபிள் உண்மையாகவே சுரபேதம் காட்டும் இடம் ரெக்கார்டு பிளேயர். ரெக்கார்டைத் தொடும் ஊசியைத் தாங்கிய பகுதி கார்ட்ரிட்ஜ். அதில் காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகையின் சுருள் பெரிய தூண்டல்திறன் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் பண்பு, அலகு ஹென்றி) கொண்டது. அது கேபிளின் மின்தேக்குத்திறனோடு சேர்ந்து, நாம் கேட்கும் எல்லைக்குள்ளேயே ஓர் ஒத்ததிர்வை, அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் மட்டும் ஓங்கும் நிலையை உண்டாக்குகிறது. பரவலாகப் பயன்படும் ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜின் சுருள் 550 மில்லிஹென்றி; அதற்குத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் சுமை 100 முதல் 200 பிக்கோஃபாரட். மொத்தம் 200 ஆக இருந்தால் ஒத்ததிர்வு 15 கிலோஹெர்ட்ஸ் அருகே விழும். அதுவே 400 ஆனால் 10.7 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்: வயலினின் மேல் ஒலிகளும், பாடகரின் சகார ஒலிகளும் கூர்மையாகித் துருத்தும், அதற்கும் மேலே உள்ள காற்றோட்டமான மெல்லொலிகள் மழுங்கும். ஆர்டோஃபோன் 2எம் ரெட் போன்ற கார்ட்ரிட்ஜுகள் 150 முதல் 300 வரை ஏற்கும் என்பதால், ஒரே கேபிள் ஒருவர் வீட்டில் சரியாகவும் மற்றவர் வீட்டில் உறுத்தலாகவும் ஒலிப்பதில் வியப்பில்லை.

மொத்தச் சுமையை இப்படிக் கணக்கிடலாம். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்முக்குள் ஓடும் ஒயருக்குச் சில பத்துப் பிக்கோஃபாரட், ஆர்சிஏ கேபிளின் அளவு, ஃபோனோ உள்ளீட்டில் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் பகுதி) தயாரிப்பாளர் வைத்திருக்கும் மின்தேக்கி ஆகிய மூன்றையும் கூட்டுங்கள். மூன்றாவது எண் ஃபோனோ கருவியின் கையேட்டில் இருக்கும். கேபிளின் அளவு பெட்டியில் எழுதப்படாவிட்டால், மின்தேக்குத்திறன் அளக்கும் மல்டிமீட்டர் உதவும்: கேபிளை இரு பக்கமும் கழற்றி, ஒரு முனையின் நடுப்பின்னுக்கும் வெளிவளையத்துக்கும் இடையே அளந்து, மீட்டரின் சொந்த ஒயர்கள் மட்டும் காட்டும் எண்ணை அதிலிருந்து கழித்துவிடுங்கள். கூட்டுத்தொகை பரிந்துரையைத் தாண்டினால், மீட்டருக்கு 50 அல்லது 60 பிக்கோஃபாரட் மட்டுமே உள்ள கேபிளுக்கு மாறுவதும் நீளத்தைக் குறைப்பதும் காதுக்குத் தெரியும் பலனைத் தரும். இந்த ஒரு செலவைத்தான் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிளேயருக்குள்ளேயே ஃபோனோ பகுதி இருந்து, சிடி பிளேயரைப் போல லைன் அவுட்டாக வெளியே வருமானால் இந்தக் கவலை கிடையாது. காந்தத்துக்குப் பதில் சுருளே அசையும் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜுக்கும் கிடையாது, அதன் சுருள் மிகச் சிறியது.

ரீங்காரம்

பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற ஒலி கேட்டால், கேபிளைக் குறைசொல்வதற்கு முன் எர்த் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரம் 50-இலும் அதன் மடங்குகளான 100, 150-இலும் வரும். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இதில் ஒரு சிறு தொல்லை கூடுதலாக உண்டு. ஐந்து கட்டை சுருதியில் தம்புராவின் மந்தர ஷட்ஜம் ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அதனோடு மோதி நொடிக்கு இரண்டு முறை அலையடிக்கும்போது, தம்புராவே சுருதி விலகியதுபோல் ஒரு மயக்கம் ஏற்படும்.

கண்டுபிடிக்கும் வழி: ஆம்ப்ளிஃபயரை அணைத்து, எல்லா உள்ளீட்டுக் கேபிள்களையும் கழற்றி, மீண்டும் இயக்குங்கள். ரீங்காரம் தொடர்ந்தால் குறை ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கிறது, கேபிளால் தீராது. நின்றுவிட்டால், ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு கருவியாக இணைத்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் டிவியையோ செட்டாப் பாக்ஸையோ இணைக்கும்போது அது திரும்ப வரும். மாடியிலிருந்தோ தெருவிலிருந்தோ வரும் டிவி கேபிளைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றியவுடன் நின்றுவிட்டால், அந்தக் கேபிள் வழியாக இரண்டாவது எர்த் உள்ளே வருகிறது என்று தெளிவாகிவிடும். இதேபோல, லேப்டாப்பின் மூன்று பின் சார்ஜரைப் பிடுங்கியவுடன் நிற்கும் ரீங்காரமும் உண்டு. இரண்டு கருவிகள் இரு வேறு எர்த் பாதைகளில் இணைந்திருக்கும்போது, அவற்றுக்கு இடையிலான சிறு மின்னழுத்த வேறுபாடு ஆர்சிஏ கேபிளின் வெளிக்கவசம் வழியாக ஓடுகிறது. அதே கவசம்தான் இசைச் சமிக்ஞைக்கும் திரும்பும் பாதை என்பதால் அந்த ஓட்டம் இசையோடு கலந்துவிடுகிறது.

முதல் தீர்வு, எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இணைப்பது. இரண்டாவது, டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆப்டிக்கல் கேபிள் போடுவது. ஒளியாகச் செல்வதால் அதில் எர்த் தொடர்பே இல்லை. மூன்றாவது, சமிக்ஞையை மட்டும் கடத்தி எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். இவற்றில் எதற்கும் வழியில்லாதபோதுதான் கேபிள்: அடர்த்தியான செப்பு வலைக் கவசம் கொண்ட குட்டையான ஆர்சிஏ கேபிளில் கவசத்தின் மின்தடை குறைவு என்பதால், அதே ஓட்டம் உண்டாக்கும் ரீங்காரமும் குறையும். எர்த் பின்னை உடைத்தோ, இரண்டு பின் அடாப்டர் போட்டோ ரீங்காரத்தை நிறுத்தலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். உள்ளே ஒரு ஒயர் கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், 230 வோல்ட் அந்தப் பெட்டியில் காத்திருக்கும். ஆளைக் காப்பாற்றவே அந்த எர்த் பின் இருக்கிறது.

ஆப்டிக்கல், கோஆக்சியல், எச்டிஎம்ஐ, யுஎஸ்பி ஆகிய டிஜிட்டல் கேபிள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை பழுதானால் ஒலி விட்டுவிட்டு வரும், டிக் டிக் என்று தெறிக்கும், அல்லது நின்றே போகும். குரல் இனிமையாவதோ, கண்முன் தோன்றும் இசைமேடை அகலமாவதோ நடக்காது. கோஆக்சியலுக்கு 75 ஓம் கேபிள் போடுங்கள், ஆப்டிக்கல் கேபிளைக் கூர்மையாக மடக்காதீர்கள், அவ்வளவுதான். மின்செருகிக்குப் போகும் பவர் கார்டை மாற்றுவதற்கோ எந்த மின்னியல் காரணமும் இல்லை. சுவருக்குப் பின்னால் பல மீட்டர் சாதாரண ஒயரைக் கடந்து வரும் மின்சாரத்துக்குக் கடைசி ஒன்றரை மீட்டரில் மட்டும் பட்டு விரிப்பானேன்?

காதால் சோதிப்பது

இத்தனைக்குப் பிறகும் விலையுயர்ந்த கேபிளைக் கேட்டுப் பார்க்கும் ஆவல் இருக்கலாம்; அதில் தவறில்லை. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் நோயல் லீ தொடங்கிய மான்ஸ்டர் கேபிள் நிறுவனம் தடித்த ஸ்பீக்கர் கேபிளைத் தனிப்பொருளாக விற்கத் தொடங்கும் வரை, பெரும்பாலானோர் மேசை விளக்குக்குப் போடும் ஒயரையே பயன்படுத்திவந்தார்கள். அதிலிருந்து இந்த வாதம் முடியவில்லை. 1983-இல் அங்குள்ள ஸ்டீரியோ ரிவ்யூ இதழ், எந்த ஒயர் என்று சொல்லாமல் நடத்திய சோதனையில், மிக மெல்லிய 24 கேஜ் ஒயரைக் (கேஜ் எண் கூடினால் ஒயர் மெல்லியது) கேட்பவர்களால் அடையாளம் காண முடிந்தது. 16 கேஜ் விளக்கு ஒயரையும் தடித்த கேபிளையும் இசையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேலே போட்ட மின்தடைக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 2007-இல், 12 அடி ஜோடி 7,250 டாலருக்கு விற்ற ஒரு ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து கேட்டே பிரித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக, போலிக் கூற்றுகளை அம்பலப்படுத்திவந்த மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். அந்தச் சோதனை கடைசிவரை நடைபெறவில்லை.

வீட்டில் இதைச் செய்ய உதவிக்கு ஒருவர் வேண்டும். எந்தக் கேபிள் இணைந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்த நொடியிலேயே காதோடு எதிர்பார்ப்பும் சேர்ந்து கேட்கத் தொடங்கிவிடும், அது எவ்வளவு பழகிய காதானாலும் சரி. நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். உதவியாளர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒரு கேபிளையும் பூ விழுந்தால் மற்றதையும் இணைத்து, தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அதே கேபிளே மீண்டும் வந்தாலும் ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபயரை அணைத்து, கழற்றி மாட்டி, ஏறக்குறைய அதே நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நேரமே உங்களுக்குத் துப்புக் கொடுத்துவிடும். கேபிளையும் அவர் முகத்தையும் நீங்கள் பார்க்காதபடி, ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டு, அவரை அதன் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். வால்யூம் குமிழில் ஒரு டேப்பை ஒட்டி அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலி அளவில் கால் டெசிபல் கூடினால் அது தனியாக உரப்பாகக் கேட்காது, தெளிவாக இருப்பதுபோல் கேட்கும். பல கடைகளின் செயல்விளக்கம் வெற்றி பெறுவது இதனால்தான்.

நன்றாகப் பழகிய ஒரு பாடலின் முப்பது நொடிப் பகுதியையே ஒவ்வொரு முறையும் போட்டு, 16 முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் எந்தக் கேபிள் என்று எழுதுங்கள். களைப்பு வந்தால் இரண்டு நாட்களாகப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் முழுவதும் முடியும் வரை விடையைப் பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் சராசரியாக எட்டு சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவது வெறும் ஊகத்தில் நூற்றுக்கு நான்கு முறைகூட நிகழாது. 12 வந்தால், புதிய கேபிளைக் கொண்டாடுவதற்கு முன் பழையதன் மின்தடையையும் முனைகளையும் இன்னொரு முறை அளந்து பாருங்கள்; அநேகமாக அங்கே ஒரு தளர்ந்த பின்னோ அலுமினிய ஒயரோ அகப்படும். ஒன்பது, பத்து என்று நின்றுவிட்டால் பழைய கேபிளையே மாட்டி, புதியதை அதன் பெட்டியில் கசங்காமல் சுருட்டி வைத்து, பில்லோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம். திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதி உண்டா என்று வாங்கும் நாளிலேயே கேட்டு, பில்லின் மீது எழுதி வாங்கியிருக்க வேண்டும்.